கைடு குவாண்டம் கம்ப்யூட்டிங் பக்கம் போகிறார், நானும் பின்னால் போகலாமா?

கணவாய்க்காற்று | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இப்போது பாலக்காட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரவேண்டும். தியரியில்தான் பிஎச்.டி. என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டில் இருக்கிறது, அது தனிக்கதை.

நான் புராஜெக்ட் செய்யும் சார் பல வருடமாக ஸ்பின் சங்கிலி (வரிசையாகக் கோத்த குட்டிக் காந்தங்கள்), காந்தப் பொருள்கள், ஃபேஸ் ட்ரான்சிஷன் என்று பேப்பர் போட்டவர். அவரிடம் ஸ்டாட் மெக் (புள்ளியியல் இயக்கவியல்) படித்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. இந்த வருடம் டிபார்ட்மென்ட் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, ஆய்வு ஆர்வங்கள் என்ற இடத்தில், குவாண்டம் கம்ப்யூட்டிங் முதல் வரிக்கு ஏறிவிட்டது. பழையதெல்லாம் கீழே இறங்கிவிட்டது. புதிதாக எலெக்டிவ் ஒன்றும் எடுக்கிறார், கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். பிஎச்.டி.க்குத் தன்னிடமே சேரச் சொல்கிறார். தலைப்பு, குவாண்டம் கணினியில் விழும் பிழையைத் திருத்துவது, அதாவது குவாண்டம் எர்ரர் கரெக்‌ஷன்.

எனக்குப் பிடித்தது ஸ்டாட் மெக். இது நிஜமாகவே இயற்பியலா, இல்லை ஊரோடு ஒத்து ஓடுவதா? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

செக்போஸ்ட் | ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது, 2030-31 வரைக்கும். அதற்கு முன்னால் எத்தனை பேருடைய பக்கத்தில் இந்த வரி இருந்தது என்று பார். ஆளியாறு தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறதோ அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் நம் சித்தூர் தாலுகாவில் நெல் நடுவார்கள். உன் சாரும் மனிதர்தானே.

நான் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர். பிக் டேட்டா வந்தபோது பார்த்தேன், பிளாக்செயின் வந்தபோதும் பார்த்தேன். ரெஸ்யூமேயில் முதல் வரி மாறும், ஆள் அதே ஆள்தான். சாதாரணக் கணினியால் முடியாத, ஒரு கம்பெனிக்கு நாலு காசு லாபம் தரும் கணக்கு ஒன்றைக் குவாண்டம் கணினியில் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

சித்தூர் மாஷ் | ஞாயிறு, இரவு 10.25

செக்போஸ்ட் தம்பி, வாய்க்கால் கணக்கு சரி. ஆனால் இங்கே பயிர் முதலில் வந்தது, தண்ணீர் பின்னால் வந்தது.

கோட்டயம் பக்கம் பள்ளத்தில் பிறந்த இ.சி.ஜி. சுதர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சென்னைக் கணிதவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். 1961-இல் மேத்யூஸ், ஜெயசீதா ராவ் இருவரோடு சேர்ந்து ஒரு பேப்பர் எழுதினார். ஒரு குவாண்டம் அமைப்பு தனியாக இல்லாமல் சுற்றுப்புறத்தோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தால் அதன் நிலையைச் சொல்லும் டென்சிட்டி மேட்ரிக்ஸ் எப்படியெல்லாம் மாறலாம், எப்படி மாறக்கூடாது என்பது விஷயம். 1976-இல் கோரினி, கோசகோவ்ஸ்கி இருவரோடு சேர்ந்து அதற்கு ஒரு சமன்பாடே கொடுத்தார். அதே வருடம் லிண்ட்பிளாட் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று கியூபிட்டில் (குவாண்டம் கணினியின் பிட்) இரைச்சல் எப்படி ஏறுகிறது என்று எழுத உட்காரும் எவரும் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். 1961-இல் குவாண்டம் கணினி என்று யாரும் பேசவில்லை, ஒரு மிஷனும் இல்லை.

அம்மணி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆராய்ச்சி எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கவலை இல்லை. பாடம்தான் கவலை. ஓய்வு பெறும்வரை நான் கிளாசிக்கல் மெக்கானிக்ஸும் ஸ்டாட் மெக்கும் எடுத்தேன். இப்போது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எலெக்டிவ் எடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஸ்டாட் மெக்கின் அடிப்படைக் கூட்டுத்தொகையான பார்ட்டிஷன் ஃபங்ஷனை முதல் செமஸ்டர் பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் யார்? உன் சார் புது பேப்பர் எடுக்கிறார் என்றாயே, பழைய பேப்பரை யாரிடம் கொடுத்தார்? அதைக் கேட்டுக்கொண்டு வா.

தனிச்சுழல் | திங்கள், காலை 6.50

செங்கோட்டைக்காரன். மலையைத் தாண்டிக் கேரளத்தில் தியரி பார்க்கிறேன், பாடமும் எடுக்கிறேன். கணவாய்க்காற்று சொல்லும் சார் நானில்லை. ஆனால் அவர் போன தடத்தில் அவருக்கு முன்பே போனவன், அதனால் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பின் சங்கிலிக்காரன் ஏன் இந்தப் பக்கம் வருகிறான்? தினமும் அவன் முட்டிக்கொள்ளும் சுவர் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்பினுக்கு மேல், கீழ் என இரண்டு நிலை. 30 ஸ்பின் சேர்ந்தால் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடிச் சொச்சம் சிக்கலெண்கள். ஒன்றுக்கு 16 பைட் வைத்தால் ஒரே ஒரு நிலையை நினைவகத்தில் போடவே 16 ஜிபி ஆகும். மேலே 10 ஸ்பின் சேர்த்தால் 16 டெராபைட். சமச்சீர்களைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் அடுக்குக்குறி விடாது. 1981-இல் எம்.ஐ.டி.யில் நடந்த கூட்டத்தில் ஃபெயின்மன் இந்தத் தொல்லையைத்தான் எடுத்துவைத்தார்: உலகம் குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால் அதைப் போலச் செய்துகாட்டும் இயந்திரமும் அதே விதிப்படி நடந்தால் என்ன? பாஸ்வேர்டு உடைப்பது, பேங்க் கணக்கு என்ற பேச்சு எல்லாம் 1994-இல் பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழியோடு ஷோர் வந்த பிறகு.

கருவிகளும் பழையவைதான். ஸ்பின்னை ஃபெர்மியானாக (எலெக்ட்ரான் வகைத் துகள்) மாற்ற ஜோர்டானும் விக்னரும் 1928-இல் போட்ட வழியை எம்.எஸ்சி. கரும்பலகையிலேயே போடுகிறோம். ஒரு மூலக்கூறின் எலெக்ட்ரான்களைக் கியூபிட்டுகளில் ஏற்ற இன்று அதையே திருப்பிப் போடுகிறார்கள். கிடாயெவ் 1997-இல் எர்ரர் கரெக்‌ஷனுக்காக எழுதிய டோரிக் கோடு என்ற பிழைதிருத்தக் குறியீடு, பார்த்தால் ஒரு ஸ்பின் ஹாமில்டோனியன், அதாவது ஸ்பின்களின் ஆற்றலைச் சொல்லும் சூத்திரம். 2006-இல் அவரே போட்ட தேன்கூட்டு மாதிரியில் ஸ்பின் எப்படி அசைகிறது என்று 2007-இல் துல்லியமாகக் கணக்குப் போட்டவர்கள் நம் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் இருந்த பாஸ்கரன், மண்டல், சங்கர். காந்தம் படிப்பவரும் கியூபிட் படிப்பவரும் ஒரே பேப்பரைப் பிரித்துவைத்து உட்காரும் இடம் அது.

கணவாய்க்காற்றுக்கு ஸ்டாட் மெக் பிடிக்கும் என்பதால் ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

டோரிக் குறியீட்டில் கியூபிட்டுகள் ஒரு சதுர வலையின் விளிம்புகளில் இருக்கின்றன. அங்கங்கே பிழை விழுகிறது. எந்த விளிம்பில் விழுந்தது என்று நேரடியாகப் பார்க்கமுடியாது, பார்த்தால் தகவல் கெட்டுவிடும். பிழைகள் சங்கிலியாகச் சேர்ந்தால் அந்தச் சங்கிலியின் இரண்டு முனைகள் மட்டும் அளவீட்டில் தெரியும். முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் பாதை எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கவேண்டும். உண்மையான பாதையும் ஊகித்த பாதையும் சேர்ந்து சின்ன வளையமாக மூடிக்கொண்டால் ஒரு பாதிப்பும் இல்லை. வலையையே சுற்றிவந்து மூடினால் தகவல் போச்சு.

எனவே, அதே முனைகளைத் தரக்கூடிய எல்லாப் பாதைகளின் நிகழ்தகவையும் கூட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால் அது ஒரு பார்ட்டிஷன் ஃபங்ஷன்! மேல், கீழ் என்று மட்டும் நிற்கும் ஸ்பின்கள் பக்கத்து ஸ்பின்னோடு பிணைந்திருக்கும் இரு பரிமாண ஐசிங் மாதிரியினுடையது, ஆனால் பிணைப்புகளில் சில மட்டும் தாறுமாறாகக் குறி மாறியவை. பிழை விழும் விகிதமே குறி மாறிய பிணைப்புகளின் விகிதம். வெப்பநிலையை நாம் இஷ்டத்துக்கு வைக்கமுடியாது, பிழை விகிதமே அதைத் தீர்மானிக்கிறது. விகிதத்தையும் வெப்பநிலையையும் வரைபடத்தில் போட்டால் ஒரு கோடு வரும். ஸ்பின் கிளாஸ் (பிணைப்புகள் தாறுமாறான காந்தம்) படித்தவர்களுக்கு அந்தக் கோடு தெரியும், 1981-இல் நிஷிமோரி போட்டது. அந்தக் கோட்டில் அமைப்பு காந்தமாக இருக்கும்வரை பிழையைத் திருத்தலாம். காந்தத்தன்மை போய்விட்டால் எத்தனை கியூபிட்டைக் கொட்டினாலும் திருத்தமுடியாது. மாறும் இடம் சுமார் 10.9 சதவீதம். 2002-இல் டெனிஸ், கிடாயெவ், லாண்டால், பிரெஸ்கில் நால்வரும் இந்தத் தொடர்பை எழுதினார்கள். அளவீடே தவறும் என்று சேர்த்துக்கொண்டால் கணக்கு முப்பரிமாணத்துக்குப் போய் 3 சதவீதச் சுற்றுக்கு இறங்கும். கியூபிட்டின் மேல் செய்யும் செயலான கேட் ஒவ்வொன்றும் தவறும் என்றால் 1 சதவீத அளவுக்கு வரும்.

இது இயற்பியலா என்று கேட்டாய். ஸ்பின் கிளாஸ் யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் போட்ட ஒரு கோடு, இன்று கியூபிட் எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்கிறது. நீ ஸ்டாட் மெக்கை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.

செக்போஸ்ட் | திங்கள், மதியம் 1.15

சார், பாதி புரிந்தது, மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பிரயோஜனமான கணக்கு ஒன்று எங்கே? 2023-இல் ஐபிஎம் 127 கியூபிட்டில் ஏதோ செய்தோம் என்று பெரிதாகச் சொன்னது, சில வாரத்திலேயே சாதாரணக் கணினியில் அதைப் போட்டுக் காட்டிவிட்டார்கள் என்று படித்தேன்.

தனிச்சுழல் | திங்கள், மாலை 5.30

படித்தது உண்மை. ஆனால் யார் போட்டுக் காட்டினார்கள் என்று பாருங்கள். அதுவும் எங்கள் ஆட்கள்தான். ஐபிஎம் ஓட்டியது ஐசிங் மாதிரியை அடித்து அடித்து ஓடவிடும் கணக்கு. அதைச் சாதாரணக் கணினியில் பிடித்தது டென்சர் நெட்வொர்க் முறை. அதன் வேர் 1992-இல் வைட் ஸ்பின் சங்கிலிக்காகக் கண்டுபிடித்த டி.எம்.ஆர்.ஜி. எண்டாங்கிள்மென்ட் (ஸ்பின்களுக்கு இடையே உள்ள குவாண்டம் பின்னல்) குறைவாக இருக்கும் நிலைகளை அது நூற்றுக்கணக்கான ஸ்பின்னுக்குக்கூடச் சுருக்கமாக எழுதிவிடும். ஒரு பரிமாணச் சங்கிலியின் தாழ்நிலைக்கு இன்றைக்கும் குவாண்டம் கணினி தேவையில்லை, நான் என் மாணவர்களிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சங்கிலியைத் திடீரென்று உலுக்கிவிட்டுக் காலப்போக்கில் என்ன ஆகிறது என்று கேட்டால்தான் எண்டாங்கிள்மென்ட் நேரத்தோடு ஏறிக்கொண்டே போய் அந்த முறை மூச்சுத் திணறும்.

ஆக, எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லவே ஒரு தியரிக்காரன் வேண்டியிருக்கிறது. எந்தக் கணக்கு நிஜமாகக் கஷ்டம், எது கஷ்டம் போல் தெரிகிறது என்று பிரிப்பது எங்கள் வேலையில் பெரும்பகுதி.

லாபம் தரும் கணக்கு என்று கேட்டால், இன்றைக்கு இல்லை. அதை மறைத்துப் பேசுகிறவரிடம் சேராதே என்று கணவாய்க்காற்றுக்கும் சொல்வேன். நிலைமை நகராமலும் இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் 105 கியூபிட் வில்லோ சிப்பில் குறியீட்டின் அளவை 3, 5, 7 என்று பெருக்கிக் காட்டியது, ஒவ்வொரு படிக்கும் பிழை பாதியாகக் குறைந்தது. வலையைப் பெரிதாக்கினால் பிழை கூடாமல் குறைகிறது என்றால் சிப் அந்தக் காந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். காலையில் எழுதியதன் தொடர்ச்சிதான் இது.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 8.05

யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று போன எட்டுப் பத்துப் பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. அதற்கு மேல் அங்கே போய்ச் சண்டை போடவும்.

புத்தூர்க்காரன் | திங்கள், இரவு 9.30

ஆந்திராவிலிருந்து ஒரு குரல். சித்தூர் என்றதும் எங்கள் சித்தூர் என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன், இது பாலக்காட்டுச் சித்தூர் போலிருக்கிறது. பரவாயில்லை, நாங்களும் எல்லைக்காரர்கள்தான். நகரி, புத்தூர் பக்கம் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு.

2025 மே மாதம் அமராவதியில் குவாண்டம் பூங்கா, ஐபிஎம், டிசிஎஸ், அதில் 156 கியூபிட் இயந்திரம் என்று அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் சித்தப்பா, மாமா எல்லாருக்கும் நான் திடீரென்று முக்கியமான ஆள் ஆகிவிட்டேன். அதுவரை "இன்னும் படிக்கிறானா?" என்று கேட்டவர்கள்.

என் வழி வேறு. நான் துகள் இயற்பியல் பக்கம், லாட்டிஸ் கேஜ் தியரி, அதாவது வெளியை வலையாக வெட்டித் துகள்களின் விசைகளைக் கணக்கிடுவது. எங்களுக்கும் ஒரு சுவர் உண்டு. சாதாரணக் கணினியில் ரேண்டம் எண்களை வைத்து மான்டி கார்லோ போட்டால் புரோட்டானின் நிறை நன்றாக வரும். ஆனால் நிகழ்நேரத்தில் ஒரு மோதல் எப்படி நடக்கிறது என்று கேட்டாலோ, நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் இருப்பதுபோல் அடர்த்தியை ஏற்றினாலோ கூட்டவேண்டிய எண்கள் பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். 1975-இல் கோகட்டும் சஸ்கைண்டும் எழுதிய ஹாமில்டோனியன் வடிவம் ரொம்ப நாள் பலரும் தொடாமல் கிடந்தது. இப்போது கியூபிட்டில் ஏற்ற அதுதான் வசதி. 2016-இல் இன்ஸ்ப்ரூக்கில் நான்கே நான்கு அயனிகளை வைத்து ஒரு பரிமாணத்தில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடியாகத் தோன்றுவதைச் செய்து காட்டினார்கள். நாலு கியூபிட் கணக்கை எந்த லேப்டாப்பும் போடும், அதைக் குறை சொல்லவில்லை. முதல் அடி என்றால் அப்படித்தான் இருக்கும்.

இடம் மாறுவது புதிதும் இல்லை. தனிச்சுழல் சார் சொன்ன பிரெஸ்கில் 1979-இல் பெயர் வாங்கியது ஆதிப் பிரபஞ்சத்தில் காந்த ஒருமுனைகள் எத்தனை உண்டாகியிருக்கும் என்ற கணக்கில். தொண்ணூறுகளில்தான் இந்தப் பக்கம் வந்தார்.

ஆனால் தங்கச்சி, வேலை பற்றி ஒன்று. கம்பெனிகள் அதிகம் தேடுவது தியரிக்காரர்களை அல்ல. மில்லிகெல்வின் குளிரில் சிப்பை இறக்கத் தெரிந்தவர், மைக்ரோவேவ் தெரிந்தவர், கம்பைலர் எழுதுபவர், பிழைக் கணிப்பை மைக்ரோசெகண்டுக்குள் முடிக்கும் டிகோடர் எழுதுபவர் இவர்களைத்தான். தியரியில் இருந்தால் டிகோடர் பக்கம்தான் உனக்கு வாசல். அதனால் சி பிளஸ் பிளஸ் ஒழுங்காகக் கற்றுக்கொள். பைத்தானில் நாலு கேட் வரைந்துவிட்டு ரெஸ்யூமேயில் குவாண்டம் என்று எழுதும் கூட்டம் ஏற்கெனவே பெரிது.

மீனாட்சிபுரம் டீச்சர் | செவ்வாய், மாலை 6.20

நான் ஹையர் செகண்டரியில் ஃபிசிக்ஸ் எடுக்கிறேன், தமிழ் மீடியம் பிரிவும் உண்டு. பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, கியூபிட் ஒரே நேரத்தில் 0-வும் 1-உம், அதனால் எல்லா விடையையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும் டீச்சர் என்கிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் அவர்கள் மட்டத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தனிச்சுழல் சார் வகுப்பில் எப்படி எடுக்கிறீர்கள்?

தனிச்சுழல் | செவ்வாய், இரவு 9.05

டீச்சர், ஒரு எண்ணைச் சொல்லி அந்தப் பேச்சை நிறுத்தலாம். 10 லட்சம் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கமுடியும் என்றால் ஒரு தடவை போதுமே? 1996-இல் குரோவர் கொடுத்த முறைக்குச் சுமார் 785 தடவை வேண்டும். அதைவிடப் பெரிதாகக் குறைக்கவே முடியாது என்று நிரூபணமும் உண்டு. கடைசியில் அளந்தால் கிடைப்பது ஒரே ஒரு விடை, அதுவும் நிகழ்தகவுப்படி. தப்பு விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்படியும் சரியான விடையின் அலை மட்டும் ஏறும்படியும் வழி செய்வதுதான் முழு வித்தையும். யங் இரட்டைப் பிளவு படித்த பிள்ளைக்கு இது எட்டும்.

வகுப்பில் நான் அலைச் சமன்பாட்டில் தொடங்குவதில்லை. மூன்று போலராய்டு தாள்களில் தொடங்குகிறேன். இரண்டைச் செங்குத்தாக வைத்தால் இருட்டு. நடுவில் மூன்றாவதை 45 டிகிரியில் சொருகினால் வெளிச்சம் வருகிறது, முதல் தாளைத் தாண்டி வந்ததில் கால்பங்கு. தடுக்கிற தாளைக் கூடுதலாக வைத்தால் வெளிச்சம் எப்படி ஏறும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதே அடிப்படையை மாற்றி எழுதுவது, அளவீடு நிலையை மாற்றுவது இரண்டும் வந்துவிடும். பழுதான கால்குலேட்டர் திரையில் உரித்த தாள்கூடப் போதும். அதற்கப்புறம் 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களை வைத்துச் செய்த சோதனை. அதுவும் அதே கணக்குத்தான்.

எம்.எஸ்சி. எலெக்டிவில் தலைவலி வேறு மாதிரி. கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ் தண்ணீர் பட்ட பாடு, டென்சர் பெருக்கலைச் சொன்ன அன்றே நிரலாக எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த கேட்டைச் சோதனைச்சாலையில் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். எக்ஸ் கேட் என்பது ஒரு காந்தப்புலத்தை இவ்வளவு நேரம் போட்டுவைத்தால் ஸ்பின் புரளுவது, அவ்வளவுதான் என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். இயற்பியல் பிள்ளைகள் ஹைட்ரஜன் அணுவை மூச்சு விடாமல் தீர்ப்பார்கள். இரண்டு ஸ்பின்னைச் சேர்த்து நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ் எழுது என்றால் பேனா நின்றுவிடும். நாம் அவர்களுக்கு ஒரு துகளை மட்டும் காட்டிக்காட்டி வளர்த்துவிட்டோம். அதனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஜோடி சேர்த்து உட்காரவைத்துவிடுவேன். சண்டை வரும், வரட்டும்.

சித்தூர் மாஷ் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கவலை நியாயமானது, பல இடத்தில் நடக்கிறது. புதுப் பேப்பர் எடுப்பவருக்கு மரியாதை, அடிப்படைப் பாடம் எடுப்பவர் யார் என்றே தெரியாது. நான் ஸ்டாட் மெக்கை விட்டுக்கொடுக்கவில்லை, வருடா வருடம் நானேதான் எடுக்கிறேன். ஐசிங் மாதிரி வரும் வாரத்தில் எர்ரர் கரெக்‌ஷனையும் காட்டிவிடுவேன். அங்கே காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிகிறது. எலெக்டிவில் காட்டினால் ஒரு வாரம் ஆகிறது.

சித்தூர் மாஷ் | செவ்வாய், இரவு 10.10

அப்படியென்றால் சரி. ஜோடி சேர்த்து உட்காரவைப்பது நல்ல யோசனை, எனக்குத் தோன்றியதில்லை. அம்மணி, பதிலைக் காணோமே?

கணவாய்க்காற்று | புதன், இரவு 8.45

மாஷ், ரெக்கார்டு நோட்டு சப்மிஷன், அதனால் வரமுடியவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன், சிலதை இரண்டு தடவை.

சாரிடம் நேராகவே கேட்டேன். ஸ்டாட் மெக்கை அடுத்த வருடமும் அவர்தான் எடுக்கிறாராம். எலெக்டிவ் அதற்கு மேல் கூடுதல் சுமை, யாரும் எடுக்கத் தயாராக இல்லாததால் அவர் தலையில் விழுந்ததாம். அப்புறம் தனிச்சுழல் சார் எழுதியதை வைத்து நிஷிமோரி கோடு பற்றிக் கேட்டேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து அவருடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார், முழுக்க ஸ்பின் கிளாஸ் கணக்கு. இதைத்தான் உன்னிடம் கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றார்.

பிஎச்.டி. முடிவை ரிசல்ட் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். அதுவரை இந்தக் குறிமாறிய ஐசிங் மாதிரியை நானே ஒரு சின்ன நிரலாக எழுதிப் பார்க்கலாமா? சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனிச்சுழல் | புதன், இரவு 9.50

தாராளமாக. சோதிக்க அருமையான வழி ஒன்று உண்டு, நிஷிமோரியே கொடுத்தது. அந்தக் கோட்டின் மேல் சராசரி ஆற்றல் துல்லியமாகத் தெரியும்: ஒரு பிணைப்புக்கு, 1-இலிருந்து குறி மாறும் விகிதத்தின் இரு மடங்கைக் கழித்து, முன்னால் மைனஸ் போட்டுக்கொள். விகிதம் 0.1 என்றால் மைனஸ் 0.8. சதுர வலையில் ஒரு ஸ்பின்னுக்கு இரண்டு பிணைப்பு, ஆகவே ஸ்பின்னுக்கு மைனஸ் 1.6. அதற்கான வெப்பநிலை 0.91 சுற்றில் வரும், கணக்குப் போட்டுப் பார். 16-க்கு 16 வலையில் தொடங்கு. குறிகளைக் குலுக்கிப்போட்ட நிறைய மாதிரிகளுக்குச் சராசரி எடுக்கவேண்டும், ஒன்றிரண்டில் முடியாது. அந்த வெப்பநிலையில் சாதாரண மெட்ரோபோலிஸ் (ஸ்பின்னை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் முறை) மெதுவாகத்தான் நகரும். வெவ்வேறு வெப்பநிலையில் பல பிரதிகளை ஓட்டி, இடையிடையே மாற்றிக்கொள்ளும் முறையைப் போட்டால் சுலபம்.

கணவாய்க்காற்று | சனி, மாலை 4.30

சார், ஓடிவிட்டது. 0.1-க்கு ஸ்பின்னுக்கு மைனஸ் 1.59 வருகிறது, மாதிரிகளைக் கூட்டக்கூட்ட 1.6 பக்கம் போகிறது. சி பிளஸ் பிளஸில்தான் எழுதினேன், புத்தூர் அண்ணாவுக்கு நன்றி. அடுத்து என்ன செய்வது?

தனிச்சுழல் | சனி, இரவு 7.15

ஆற்றல் அந்தக் கோட்டில் வழுவழுவென்று போகும், மாறும் இடத்தை அது காட்டாது. அதனால் இனிக் காந்தத்தன்மையைப் பார். விகிதத்தை 0.09-இலிருந்து 0.13 வரை ஏற்றிக்கொண்டே போ, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையையும் கோட்டின்படி மாற்று. 8, 12, 16, 24 என்று வலையின் அளவையும் மாற்றி, பைண்டர் விகிதத்தை (காந்தத்தன்மையின் நான்காம் அடுக்குச் சராசரிக்கும் இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்துக்கும் உள்ள விகிதம்) வரை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் 0.109 பக்கத்தில் வந்தால் உன் நிரலை நம்பலாம். 24-க்கு மாதிரிகள் நிறைய வேண்டும், லேப்டாப் சூடாகும்.

செக்போஸ்ட் | சனி, இரவு 7.40

லேப்டாப்பை ஏன் வாட்டுகிறாய் தங்கச்சி? என் வீட்டில் 16 கோர் பழைய மிஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. மாதிரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்றால் கோருக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம், நிரலை அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் ரேண்டம் சீடு வேறு வேறாக வைத்திருக்கிறாயா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பு. நான் இன்னும் குவாண்டம் கணினியை நம்பவில்லை, இது ஐசிங் மாதிரிக்காக.